ஒரு தாளில் ஆறு பேர்

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்த பயிலரங்குக்குப் போயிருந்தேன். 'மகிழ்ச்சியான ஊழியர், மகத்தான லாபம்' என்று வாசலில் பிளெக்ஸ். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். பணம் கட்டியிருந்த நண்பரின் மாமனார் அன்றைக்குப் பார்த்துக் காலமாகிவிட்டதால், அவர் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். ஊழியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உள்ளம் மலரும் என்றார் பயிற்சியாளர். மாலை வரை எல்லோரும் என்னை நண்பரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மலர்ந்தால் நண்பருக்குத்தான் மலர்ந்திருக்க வேண்டும். அவர் அந்நேரம் சுடுகாட்டில் இருந்தார்.

சுற்றிலும் பெருந்தலைகள். நூல் மில் மேலாளர்கள், ஜவுளிக்கடை முதலாளிகள், பள்ளிக்கூடத் தாளாளர் இரண்டு பேர், மீதியெல்லாம் ஏலத்தோட்டக்காரர்கள். "வேலையை நேசிக்க வையுங்க, சம்பளத்தைப் பத்திக் கேக்கவே மாட்டாங்க" என்றார் பயிற்சியாளர். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கொடுத்த மூவாயிரம் அந்த ஒரு வரியிலேயே வசூலாகிவிட்ட நிம்மதி பல முகங்களில் தெரிந்தது.

ஒரு தோட்டக்காரர் மட்டும் எழுந்து நியாயமாகவே கேட்டார். "சார், நம்ம தோட்டத்துக்கு ஜீப்புல அம்பது பொம்பளைக வருது. இன்னைக்கு வந்த ஆளு நாளைக்கு வராது. நான் யார் பேரைன்னு சொல்லிக் கூப்பிடுறது?" பயிற்சியாளர் சற்றே தடுமாறி, "எல்லாரையும் சாம்பியன்ஸ்னு கூப்பிடுங்க சார்" என்றார். தோட்டக்காரர் திருப்தியாக உட்கார்ந்தார். காசு செலவில்லாத யோசனை.

மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு விளையாட்டு. நாளிதழின் ஒரு தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் எத்தனை பேர் நிற்க முடியும் என்று போட்டி. பிறகு தாளைப் பாதியாக மடிப்பார்கள். பிறகு அதிலும் பாதி. வெள்ளை வேட்டித் தோட்டக்காரர் ஒருவர் மில் மேலாளரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க, தாளாளர் அவர் முதுகில் தொற்றிக்கொள்ள, கடைசியில் ஒரு தாளில் ஆறு பேர் நின்று கோப்பையைத் தட்டிச் சென்றார்கள். "இடம் குறையக் குறைய மனசு பெருசாகணும். இதுதான் குழு உணர்வு!" என்றார் பயிற்சியாளர். ஆறு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியக்காலம் நாலே முக்காலுக்கு நான் கம்பத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றேன். தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்கள் சேலைக்கு மேல் புருசனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, கையில் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். கிளீனர் பையன் உட்கார வைப்பதைப் பார்க்க வேண்டும். அவனுக்கு எந்தப் பயிலரங்கிலும் யாரும் வகுப்பு எடுத்ததில்லை. குமட்டல் வருகிற ஆளுக்கு ஓரம். கனத்த ஆள் சக்கரத்துக்கு மேல். ஒல்லிப் பெண் இன்னொருத்தி மடியில். தூக்குவாளிகள் கால்களுக்கு நடுவே. முன்சீட்டில் கியர் பக்கம் உட்கார்ந்த அக்கா, ஓட்டுநர் கை நீளும்போதெல்லாம் முழங்காலைப் பார்க்காமலே ஒதுக்குகிறார். எத்தனை வருசப் பழக்கமோ. எண்ணினேன். ஓட்டுநரோடு பதினெட்டு.

கேரளத்துத் தோட்டத்துக்குப் போக இனி இந்த ஜீப் கம்பம் மெட்டு ஏற வேண்டும். சில ஜீப்புகள் லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்குப் போகும். போடிக்காரர்களுக்குப் போடி மெட்டு, அதில் பதினேழு கொண்டையூசி வளைவு. தேவாரத்துக்காரர்களுக்குச் சாக்கலூத்து மெட்டுச் சாலை வருகிறது, வருகிறது என்று பல தேர்தல்களாக வாக்குறுதி மட்டும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்காவது ஒரு ஜீப் உருண்டு நாலு உயிர் போனால் அதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வரும். ஒரு வாரம் சோதனைச் சாவடியில் தலை எண்ணுவார்கள். அதிகப்படி ஆளை இறக்கிவிடுவார்கள். இறக்கப்பட்டவளுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. செத்தவளுக்கும் தண்டனை, பிழைத்தவளுக்கும் தண்டனை. அதிகப்படி ஆளைக் கேட்ட தோட்டத்துக்கும், ஒரு பேருந்து விடத் துப்பில்லாத அரசுகளுக்கும் ஒரு ரூபாய் அபராதம் கிடையாது. அடுத்த வாரம் சாவடிக்காரர்களுக்கும் எண்ணிக்கை மறந்துவிடும்.

நாடு முழுக்க இப்போது உழைப்பு மணிநேரம் பற்றித்தான் பேச்சு. 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். கம்பத்து ஜீப்பில் இருக்கிற அக்கா மூன்றரைக்கு எழுந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, மலை ஏறி, காய் எடுத்து, மலை இறங்கி, வீட்டுப்படி மிதிக்கும்போது இரவு ஏழரை. பதினாறு மணி நேரம். ஆறு நாளைக்குத் தொண்ணூற்றாறு. சுப்பிரமணியன் அவர்கள் கேட்டதைவிட ஆறு மணி நேரம் அதிகமாகவே இங்கே நடந்துகொண்டிருக்கிறது. இந்த அக்காவை அழைத்து எந்த நிறுவனமும் பேசச் சொல்லவில்லை. புருசன் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கேட்டால் அவரும் சிரித்துவிட்டு ஏதாவது சொல்வார், அதை இங்கே அச்சிட முடியாது.

ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். செடி ஆளை மறைக்கும். காய் மேலே தொங்காது. செடியின் தூரிலிருந்து சரம் தரையோடு தரையாக ஓடும். குனிந்தோ குத்தவைத்தோ சரத்தை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சு கிள்ளினால் ஏச்சு. முற்றியதை விட்டாலும் ஏச்சு. இலையெல்லாம் பனித் தண்ணீர், வெயில் ஏறும்வரை உடம்போடு ஒட்டிய ஈரத்துணி. மழைக்காலமானால் அட்டை. நாள் முழுக்கப் பெண்களை வைத்து வேலை வாங்குகிற காட்டில் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். 'ஊழியர் உடல்நலமே நிறுவன வளம்' என்று பயிலரங்கில் ஒரு படக்காட்சி ஓடியது ஞாபகம் வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்குப் போடியிலும் கம்பத்திலும் வாணவேடிக்கை விடாத குறை. காயைக் கிள்ளிய விரலுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்டால் விலை இறங்கின கதையை எடுப்பார்கள். விலை ஏறினால் முதலாளி திறமை, இறங்கினால் எல்லோரும் ஒரே குடும்பம். கஷ்டத்தில் மட்டும் உறவு கொண்டாடுகிற குடும்பத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மகிழ்ச்சி என்பது ஏதோ நேற்று அமெரிக்காவில் கண்டுபிடித்த சரக்கு என்று பயிற்சியாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். 1951-இலேயே இந்திய நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் அதை எழுதி வைத்தது. தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலக்காய்த் தோட்டமும் பிற்பாடு அதில் சேர்ந்தது. 150 பேர் வேலை பார்த்தால் உணவகம். 50 பெண்கள் இருந்தால் பிள்ளைக் காப்பகம். கழிப்பறை, குடிநீர், வீடு, குடை, கம்பளி, மழைக்கோட்டு. அதில் பொழுதுபோக்கு வசதிக்கென்றே தனிப் பிரிவு இருந்தது, பதிமூன்றாவது பிரிவு. தொழிலாளி சந்தோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுபது வருசத்துக்கு மேல் சட்டமாக இருந்தது.

அதிலிருந்து தப்பிக்கிற வித்தைதான் உண்மையான தலைமைப் பண்பு. ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் சட்டம் எட்டிப் பார்க்காது. ஜீப்பில் வருகிற ஆளை எந்தப் பேரேட்டிலும் ஏற்ற வேண்டாம். இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு அந்தத் தோட்டம். ஆள் கொண்டுவருவது ஜீப்புக்காரர், மேய்ப்பது கங்காணி, கூலி போவது அவர் கைவழி. முதலாளிக்கு இவள் யாரோ. பெயரே இல்லாதவளுக்கு எந்தப் பிரிவின்படி பொழுதுபோக்கு? கடைசியில் 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தையே முழுங்கி ஏப்பம் விட்டது.

மலைக்குக் கீழேயும் இதே லட்சணம்தான். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே துணி மடிக்கிற பெண்ணுக்கு உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2021-இல் திருத்தச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு முக்காலிக்குச் சட்டமன்றம்! முக்காலி என்ன விலை என்று முதலாளிகளைக் கேட்டால், அவர்கள் கடையிலேயே தீபாவளிக்கு இலவசமாகக் கொடுக்கிற பிளாஸ்டிக் சாமானைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அப்படி உட்கார வைத்த அதே மன்றம் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தில் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். உட்காருங்கள், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்ல நினைத்தார்கள் போலிருக்கிறது.

போடி மெட்டு தாண்டி மூணாறு. அங்கே நடந்ததை எந்தப் பயிற்சியாளரும் படக்காட்சியில் போட மாட்டார், ஆனால் போட வேண்டும். 2005-இல் டாடா டீ தேயிலைத் தோட்டத்திலிருந்து விலகிக்கொள்ள, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் அதில் பங்குதாரர்கள். கொழுந்து கிள்ளுகிற பெண்ணே முதலாளி. உலகத்திலேயே இப்படி இல்லை என்று நிர்வாகவியல் படித்தவர்கள் எல்லாம் புல்லரித்தார்கள். 'பங்கேற்பு' என்ற சொல்லை மூணாறு மலை எதிரொலித்தது.

பத்து வருசம் கழித்துப் பார்த்தால், அந்த முதலாளியம்மாவின் தினக்கூலி 232 ரூபாய். லயத்தில் ஒற்றை அறை. 2015-இல் போனஸை 19 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். பங்குதாரர்கள் பங்குதாரர்கள் போலவே நடந்துகொண்டார்கள். செப்டம்பரில் தாங்களாகவே கூட்டம் கூட்டி, மூணாறு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள். பெம்பிளை ஒருமை என்று பிற்பாடு பெயர் வந்தது. சங்கத் தலைவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். இத்தனை காலம் யாருக்காகப் பேசினாய் என்று விரட்டிவிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் அதே மரியாதை. சுற்றுலாக்காரர்கள் பூப்பார்க்க வந்து, பூவுக்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பதை முதல்முறையாகப் பார்த்தார்கள்.

அவர்கள் ஏற்றுக்கொண்ட சிலரில் ஒருவர், அன்றைய கேரள எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். அப்போது அவருக்கு 91 வயது. வந்தார், அவர்களோடு உட்கார்ந்தார், கொச்சியில் ஒப்பந்தம் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை. கைதட்டச் சொல்லவில்லை, பலூன் ஊதச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் 20 சதவீதம் வந்தது, அதையும் 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை என்று பிரித்து எழுதினார்கள். உரிமை என்று எழுதப் பேனாவில் மை இல்லை, கருணைக்கு மட்டும் இருந்தது. அக்டோபரில் தேயிலைக் கூலி 301 ஆனது, ஏலத்தோட்டக் கூலி 267-இலிருந்து 330 ஆனது. கூடவே கிள்ள வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் தராசில் வைத்து அழுத்தினார்கள்.

அந்த ஒன்பது நாளில் சாலையில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, கோஷம் போட்டு, கும்மியடித்துச் சிரித்த முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலையில் மகிழ்ச்சி என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன். கெட்ட நேரம், அன்றைக்கு அவர்கள் வேலைக்குப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு தலைவர் இருக்கிறார், யார் வீட்டுக்குப் போனாலும் சாமி படத்தோடு அவர் படமும் தொங்கும். ஜான் பென்னிகுவிக். 1887-இல் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தவர். வெள்ளம் அடித்துக்கொண்டு போனபின்னும் விடாமல் கட்டினார். இங்கிலாந்தில் சொந்தச் சொத்தை விற்றாரா இல்லையா என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள், பள்ளத்தாக்கில் யாரும் அதைக் கேட்பதாக இல்லை. 14,707 ஏக்கரில் இருபோகம் விளைந்தது, அது போதும். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலும் அவருக்குத்தான். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். பிறந்தநாளன்று வேட்டி சட்டையோடு வரிசையில் நின்று மாலை போடுகிற தலைவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். அவர் தண்ணீர் கொடுத்தார். இவர்கள் தண்ணியைக் கொடுத்தார்கள்.

மிகைப்படுத்தவில்லை. அணை வேலை நடந்தபோது மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போயின, அணைக்குப் பக்கத்திலேயே இடுகாடு இருக்கிறது. சாராயம் இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்று ஒரு பேச்சும் உண்டு. தொழிலாளிக்கு உற்சாகம் ஊட்டும் அந்த உபாயத்தை மட்டும் நம் தலைவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் டாஸ்மாக். ஆணுக்கு உற்சாகம் அங்கே. அவன் உற்சாகமாக வீட்டுக்கு வருவதால்தான் பல பெண்கள் விடியக்காலம் ஜீப் ஏறுகிறார்கள். அதுவும் ஒருவகையில் ஊக்குவிப்புதான், பயிற்சியாளருக்கு இந்த இணைப்பு தெரிந்தால் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்.

அந்த விடியக்காலத்துக்கே வருகிறேன். ஜீப் இன்னும் கிளம்பவில்லை. டீக்கடையில் நின்ற இரண்டு மூன்று பெண்களிடம் முந்தின நாள் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "மூவாயிரம் குடுத்து சிரிக்கப் படிச்சாங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். பேர் கேட்டேன். "பேரெல்லாம் வேணாம்ணே, கங்காணி படிச்சாலும் படிப்பாரு" என்றவர், அடுத்த நொடி கங்காணி நடப்பது போல இடுப்பில் கை வைத்து நடந்து, அவர் குரலிலேயே "ஏய், அந்தச் சரத்தப் பாத்து எடுங்கடி" என்று காட்டினார். ஜீப்புக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. மடியில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணுக்கு விக்கல் எடுத்துவிட்டது. யாரோ தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். "ரெண்டு வாய் மட்டும் குடி, மேல போய் ஒதுங்க எடமில்ல" என்று ஒரு குரல்.

தாள் விளையாட்டைச் சொன்னேன். ஒரு தாளில் ஆறு பேர் நின்றார்கள், கோப்பை கொடுத்தார்கள் என்றதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கணக்குப் போட்டார்கள் போல.

"ஆறு பேருக்கா கப்பு?"

"ஆமா."

"எம்புட்டு நேரம் நின்னாங்க?"

"அரை நிமிசம்."

அக்கா டீக்கிளாஸை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஏறிய இடத்தில் பாதிச் சீட்டுதான் கிடைத்தது. தலையை வெளியே நீட்டி, "அந்த சாரை ஒருநாளைக்கு வரச் சொல்லுங்கண்ணே. மடியில வச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

ஜீப் நகர்ந்து, மெட்டுச் சாலைத் திருப்பத்தில் மறுபடி நின்றது. தூக்குவாளியோடு இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். கிளீனர் பையன் பின்கதவைத் திறந்தான்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்கக்கா, ரெண்டு பேருதான்."

நெருங்கினார்கள்.